ஊர் நோட்டில் காலியாகக் கிடக்கும் வரி: நம் ஊர்ப் பெரியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மரியாதைக்குரிய பெரியவர்களுக்கு,

நடுத்தெரு முனை வீட்டு டீச்சர் எழுதுகிறேன். உங்களில் மூன்று பேர் எனக்கு மாமா முறை, இரண்டு பேர் கொழுந்தனார் முறை, ஒருவர் என்னிடம் ஒன்பதாம் வகுப்பில் வரலாறு படித்தவர். நேரில் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம்தான் இது. மூன்று முறை பேசியும் பார்த்தேன். நான் வாயைத் திறந்தவுடன், "அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம் டீச்சர், முதல்ல கையெழுத்தப் போடுங்க" என்று நோட்டை என் பக்கம் நகர்த்தினீர்கள். அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

ஊர்ப் பெயரை எழுதவில்லை. ஆம்பூருக்கும் ராணிப்பேட்டைக்கும் கம்பெனி வேலைக்குப் போகிற நம் பிள்ளைகளை யாரும் இதைச் சொல்லிக் குத்திக்காட்டக் கூடாது. குடியாத்தம் பக்கம் ஓர் ஊர் என்பது போதும்.

அந்த நோட்டை நான் நன்றாகப் பார்த்தேன். காக்கி அட்டை போட்ட நீள நோட்டு. முதல் பக்கத்தில் மஞ்சள் தடவியிருக்கிறது, ஏனென்றால் அது கெங்கையம்மன் திருவிழாக் கணக்கு எழுதும் நோட்டு. பூ வாங்கியது, பந்தல் போட்டது, கூழுக்குக் கேழ்வரகு அரைத்தது என்று வரிசையாக இருக்கிறது. நாலு பக்கம் தள்ளி, அதே நீல மையில், அதே கையெழுத்தில், ஏரிக்கரைத் தெருவில் சாவு விழுந்தால் நடுத்தெரு வழியாகப் பிணத்தைக் கொண்டுபோக விடுவதில்லை என்றும், இதற்கு ஒப்பாதவர் வீட்டு நல்லது கெட்டதில் ஊர் கலந்துகொள்ளாது என்றும் எழுதியிருக்கிறது. கீழே வீட்டு வரிசைப்படி பெயர்கள். என் வீட்டுக்கு நேரே என் வீட்டுக்காரர் பெயரை எழுதி, 'காலமானார்' என்று குறித்து, பக்கத்தில் எனக்குக் கொஞ்சம் இடம் விட்டிருந்தீர்கள். நூற்றைம்பது வீட்டுக்கு மேல் கையெழுத்தும் கைநாட்டுமாக நிரம்பிவிட்டது. அந்த ஓர் இடம் மட்டும் காலி.

அன்றைக்கு நாட்டாண்மை மாமா சொன்னது ஞாபகம் இருக்கிறது. "ஊர் ஓடினா ஒத்து ஓடணும், டீச்சர். நீங்க ஒரு ஆளு நின்னு என்ன ஜெயிக்கப் போறீங்க?" கோபமாகக்கூடச் சொல்லவில்லை, உண்மையான கவலையோடுதான் சொன்னார். மாமா, அந்தப் பழமொழியில் பாதியைத்தான் சொன்னீர்கள். 'ஊர் ஓடினால் ஒத்து ஓடு, ஒருவன் ஓடினால் கேட்டு ஓடு' என்பதுதான் முழுசு. தனியாக ஒரு ஆள் ஏதாவது செய்தால், ஏன் செய்கிறாய் என்று கேட்கச் சொல்லியிருக்கிறார்கள் பெரியவர்கள். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன்.

போன ஐப்பசியில் மேளக்காரப் பெரியவரின் மனைவி செத்துப்போன அன்று நான் மொட்டை மாடியில் இருந்தேன். மூன்று நாள் மழைக்குப் பிறகு கொஞ்சம் வெறித்திருந்தது. காயாத துணியை மறுபடி உதறிப் போடலாம் என்று ஏறியிருந்தேன். அங்கிருந்து பார்த்தால் ஏரி நிரம்பி வழிகிற கோடியும், கோடித் தண்ணீர் ஓடுகிற கால்வாயும் தெரியும். அவர்களுடைய சுடுகாட்டுப் பாதை அந்தக் கால்வாய்க் கரை மேல்தான் இருந்தது. 2021 நவம்பரில் மோர்தானா அணை நிரம்பி வழிந்து, கவுண்டன்யா ஆறும் பாலாறும் கரை புரண்டு ஓடியதே, அந்த வெள்ளத்தில் நம் கால்வாய்க் கரையும் போய்விட்டது. அதற்கு அப்புறம் யாரும் அதைக் கட்டவில்லை. வெயில் காலத்தில் இறங்கி ஏறலாம். மழைக் காலத்தில் தண்ணீரில்தான் நடக்க வேண்டும்.

ஆறு பையன்கள் பாடையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். முதலில் தோளில்தான் வைத்திருந்தார்கள். நடுவில் தண்ணீர் இடுப்புக்கு மேல் வந்ததும் இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்கள். முன்னால் போனவன் எதையோ மிதித்துச் சறுக்கினான். பாடை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பின்னால் இருந்தவர்கள் "பிடி, பிடி" என்று கத்தியது மாடி வரைக்கும் கேட்டது. பிணம் விழவில்லை, இறுக்கிக் கட்டியிருந்தார்கள். ஆனால் மேலே போட்டிருந்த சாமந்தி மாலை நழுவித் தண்ணீரில் விழுந்தது. பெரியவர் கரையில் நின்றுகொண்டிருந்தார். அந்த மாலை மிதந்து போவதைப் பார்த்துவிட்டு, எடுக்கப் போகிறவர் மாதிரி நாலு எட்டு ஓடினார். அப்புறம் நின்றுவிட்டார். கையில் கொள்ளிச்சட்டி இருந்தது.

அதே நேரத்தில் நடுத்தெரு காய்ந்து கிடந்தது. சிமெண்ட் சாலை, இரண்டு பக்கமும் கால்வாய் கட்டி, தண்ணீர் தேங்காமல். அரசாங்கப் பணத்தில் போட்ட சாலை. அது நேராகப் போய் முடிகிற இடமும் சுடுகாடுதான். நம்முடையதும் அவர்களுடையதும் ஆற்றங்கரையில் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன, நடுவில் ஒரு வேலிகாத்தான் புதர்.

இதை நான் அன்றுதான் முதல் முதலாகப் பார்த்தேனா? இல்லை. நாற்பது வருஷமாக இந்த ஊரில் வாழ்கிறேன். அவர்கள் கரை வழியாகத்தான் போவார்கள் என்பது ஏரி, கோயில், ஆலமரம் மாதிரி எனக்கும் ஒரு பழகிப்போன விஷயமாக இருந்தது. கரை நன்றாக இருந்தவரை அதில் இருந்த அநியாயம் என் கண்ணில் படவில்லை. ஒரு மனுஷியின் மேல் போட்ட மாலை தண்ணீரில் போன பிறகுதான் பட்டது. இவ்வளவு வருஷம் பாடம் நடத்தியவளுக்கு இவ்வளவு தாமதமாகப் பட்டதே என்று எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

என் வீட்டுக்காரர் போன அன்று நடந்ததை நினைத்துப் பாருங்கள். நீங்கள் எல்லோரும் இருந்தீர்கள். அவர் பாடைக்கு முன்னால் நடுத்தெரு முழுக்க மேளம் அடித்துக்கொண்டு போனது யார்? இதே பெரியவரும் அவர் மகன்களும்தான். விடியற்காலையில் போய்க் குழி வெட்டி வைத்ததும் அந்தத் தெருப் பிள்ளைகள்தான். வேகாத வெயில். குழிமேட்டிலிருந்து திரும்பி வந்து நம் வீட்டு வாசல் குழாயில் கையையும் மண்வெட்டியையும் கழுவினார்கள். நம் சாவைக் கொண்டுபோக அவர்கள் நடுத்தெருவில் நடக்கலாம். அவர்கள் சாவை அவர்களே தூக்கிக்கொண்டு நடக்கக் கூடாது. இதற்கு ஒரே ஒரு காரணம், சாமி முன்னால் நின்று சொல்லக்கூடிய ஒரு காரணம் சொல்லுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன்.

சொன்ன காரணங்களை எல்லாம் நான் கேட்டேன். பழக்கம் என்றீர்கள். கரை இருந்த காலத்துப் பழக்கத்தைக் கரை போன பிறகு எப்படிக் கேட்பது? குழந்தைகள் பயப்படும் என்றீர்கள். நம் வீட்டுப் பிணம் போகும்போது குழந்தைகள் திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கின்றன. பூ விழுந்த இடத்தை மிதிக்காமல் தாண்டி விளையாடுகின்றன. இன்றைக்குப் பிணம் என்பார்கள், நாளைக்குக் கோயில் என்பார்கள் என்றார் என் மாணவர். அவருக்கு மட்டும் தனியாக ஒரு பதில்: கேட்டால் கேட்கட்டும் தம்பி, அப்போதும் நாம் உட்கார்ந்து பேசலாம்.

அந்தப் பெரியவர் மனைவிக்கு அப்புறம் இரண்டு மாதத்தில் அந்தத் தெருவில் இன்னொரு சாவு. அவர்கள் இந்த முறை சாலையில் வந்தார்கள். என் வீட்டு முனைக்கு வரும்போது நீங்கள் மறித்தீர்கள். பிணத்தை இறக்கி வைக்கவும் விடாமல், தூக்கிய தோளோடு இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிறுத்தி வைத்தீர்கள். தோள் மாற்றி மாற்றி நின்றார்கள். ஓர் அதிகாரி வந்தார். யார் எந்த அலுவலகம் என்று எழுதப் போவதில்லை. அவர் அவர்களிடம் பேசினாரே தவிர உங்களிடம் பேசவில்லை. "இந்த ஒரு தடவை அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க" என்றார். அவர்கள் திரும்பிப் போய்த் தண்ணீரில் இறங்கினார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நோட்டு வந்தது.

முப்பத்தோரு வருஷம் நான் வரலாறு சொல்லிக்கொடுத்தேன். ஒவ்வொரு வருஷமும் வேலூர்ப் புரட்சிப் பாடம் வரும்போது பிள்ளைகளைக் கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போவேன். அகழி ஓரமாக நடக்க வைத்து, மக்கான் பக்கம் இருக்கும் நினைவுத்தூணையும் காட்டிவிட்டுத் திரும்புவோம். உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் வந்திருக்கிறார்கள். 1806 ஜூலை 10 என்ற தேதியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஆனால் நான் எப்போதும் அதிக நேரம் எடுத்துக்கொண்டது ஜூலைக்கு அல்ல, அதற்கு இரண்டு மாதம் முந்தைய மே மாதத்துக்கு. 1805 நவம்பரில் சென்னைப் படைத் தளபதி கிராடக் புது உத்தரவுகள் போட்டார். சிப்பாய்கள் அணிவகுப்பில் நெற்றியில் நாமமோ விபூதியோ இட்டுக்கொள்ளக் கூடாது, கடுக்கன் போடக் கூடாது, தாடியை எடுக்க வேண்டும், தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகையைக் கட்ட வேண்டும். வேலூரில் இருந்த படைப்பிரிவில் சிலர், கட்டமாட்டோம் என்று சொன்னார்கள். அவர்கள் கையில் அப்போது எந்தத் திட்டமும் இல்லை, பின்னால் எந்தப் படையும் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனி ராணுவத்தில் மேலதிகாரியிடம் மாட்டேன் என்று சொன்னால் என்ன ஆகும் என்பது ஒவ்வொரு சிப்பாய்க்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னார்கள். விசாரணை நடந்தது. ஓர் இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் ஆளுக்கு 900 கசையடி கொடுத்து, படையை விட்டும் விரட்டினார்கள். இன்னும் 19 பேருக்கு 500 கசையடி என்று தீர்ப்பு. அவர்கள் மன்னிப்புக் கேட்டதால் விட்டுவிட்டார்கள்.

900 என்ற எண்ணைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, மேசையை ஸ்கேலால் ஒரே சீராகத் தட்டுவேன், பிள்ளைகளை எண்ணச் சொல்வேன். ஐம்பது தாண்டும்போதே வகுப்பு அமைதியாகிவிடும். நூறுக்கு மேல் நான் தட்டியதே இல்லை. ஒரு வருஷம் ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "மன்னிப்புக் கேட்டிருந்தா அந்த ரெண்டு பேரையும் விட்டிருப்பாங்க இல்ல டீச்சர்? ஏன் கேக்கல?" எனக்கு அன்றைக்குப் பதில் தெரியவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். அந்தப் பெண்ணுக்கு இப்போது கல்யாண வயதில் மகள் இருக்கிறாள். இந்த நோட்டு என் வாசலுக்கு வந்த பிறகுதான் எனக்குப் பதில் கொஞ்சம் தெரிகிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த நாள் காலையில் எழுந்து அந்தக் குழாயடியில் எப்படித் தண்ணீர் பிடிப்பேன் என்று யோசித்தேன். முடியாது என்று தெரிந்தது. ஜெயிப்பேனா தோற்பேனா என்ற கணக்கே அதில் வரவில்லை.

ஜூலை 10 விடியற்காலையில் நடந்ததை நான் முழுக்கப் புகழமாட்டேன். தூங்கிக்கொண்டிருந்த வெள்ளைக்காரர்களையும் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நோயாளிகளையும் சிப்பாய்கள் கொன்றார்கள். வகுப்பில் அதை நான் மறைத்ததே இல்லை. திப்புவின் கொடி கோட்டையில் ஏறியது. ஆற்காட்டில் இருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து சேர்ந்தார். மதியத்துக்குள் எல்லாம் முடிந்தது. கோட்டைக்குள் ஒளிந்திருந்தவர்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள், பின்னால் சிலரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள், சிலரைத் தூக்கில் போட்டார்கள். அதைவிட முழுசான தோல்வி நம் மாவட்டத்தில் நடந்ததில்லை. ஆனாலும் அந்தத் தலைப்பாகை உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. கிராடக்கையும் கவர்னர் பெண்டிங்க் பிரபுவையும் அடுத்த ஆண்டே லண்டனுக்குத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். அடி வாங்கிய அந்த இரண்டு பேர் இதைக் கேள்விப்பட்டார்களா, உயிரோடு இருந்தார்களா என்று நான் பல முறை யோசித்திருக்கிறேன்.

அந்த 19 பேரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்களை நான் குறை சொன்னதில்லை. அவர்களுக்கும் வீடு, பிள்ளை குட்டி இருந்திருக்கும். மன்னிப்புக் கேட்ட பிறகும் மனசுக்குள் அந்த மாட்டேன் இருந்திருக்கும். நம் ஊரிலும் அப்படிச் சிலர் இருக்கிறார்கள், யாரென்று நான் எழுதமாட்டேன். ஊர் விலக்கு என்று சொன்ன மறுநாளில் இருந்து பால்காரர் என் வீட்டுக்கு வருவதில்லை. ஆனால் விடியும் முன்னே பின்வாசல் துவைக்கிற கல்லின் மேல் ஒரு சொம்புப் பால் இருக்கிறது, தட்டு போட்டு மூடி. யாரென்று பார்க்க நான் ஒருநாளும் சீக்கிரம் எழுந்ததில்லை. பார்த்துவிட்டால் அவர்களுக்குச் சங்கடம். இன்னொருவர் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டே, "நீங்க செய்யறதுதான் சரி டீச்சர், எங்க வீட்ல கையெழுத்துப் போட்டுட்டாங்க" என்றார். அவர் குரல் நடுங்கியது. பெரியவர்களே, நோட்டில் இருக்கிற கையெழுத்தை எல்லாம் சம்மதம் என்று எண்ணிவிடாதீர்கள்.

அம்மன் கதைக்கு வருகிறேன். நோட்டின் முதல் பக்கத்தில் மஞ்சள் இருப்பதால் இதைப் பேசாமல் இருக்க முடியாது.

வைகாசி முதல் நாள் குடியாத்தம் கோபாலபுரத்தில் சிரசுத் திருவிழா. சின்ன வயதில் என் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அம்மன் சிரசு ஊர்வலமாக வரும், ஜனம் தேங்காய் உடைத்த தண்ணீரில் தெருவே நனைந்திருக்கும். அந்தச் சிரசைக் கொண்டுபோய் எந்த உடம்பில் பொருத்துகிறார்கள்? சண்டாளச்சி உடம்பில். இது எல்லோருக்கும் தெரியும், யாரும் ஒளிக்கவில்லை. நம் பக்கம் சொல்கிற கதையில், ஜமதக்னி ரேணுகையை வெட்டச் சொன்னார். மகன் பரசுராமன் அப்பா சொல்லைத் தட்டாமல் கோடாலியோடு துரத்தினான். ஓடி வந்தவளைக் கட்டிப்பிடித்து மறைத்துக்கொண்டவள் சேரிப் பெண் ஒருத்தி. எதிரே வருவது முனிவருடைய உத்தரவு, அவர் மகன், அவன் கையில் கோடாலி. அவளிடம் என்ன இருந்தது? இரண்டு கை. விட்டுவிட்டு ஒதுங்கியிருந்தால் அவள் தப்பியிருப்பாள். ஒதுங்கவில்லை. ஒரே வெட்டில் இரண்டு தலையும் போனது. அப்புறம் உயிர் கொடுக்கும்போது தலை மாறியது. நாம் கும்பிடுகிற தாயின் முகம் ரேணுகையுடையது, அந்த முகத்தைத் தாங்குகிற உடம்பு குறுக்கே நின்ற அந்தப் பெண்ணுடையது.

வருஷா வருஷம் அந்த உடம்புக்கு நாம் மாலை போடுகிறோம். அந்தத் தெருப் பெண்ணின் உடம்பு நம் தெருவில் போகக் கூடாது என்று அதே நோட்டில் எழுதுகிறோம். நாட்டாண்மை மாமா, நீங்கள் காப்புக் கட்டி விரதம் இருக்கிறவர். நீங்கள் பக்தி உள்ளவர் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். இந்த இரண்டு பக்கத்தையும் அம்மன் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்து நீங்களே வாசித்துப் பாருங்கள்.

சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம்தான் சொல்வேன், ஏனென்றால் நான் போலீஸுக்குப் போவேன் என்று மிரட்டுவதாக ஏற்கெனவே பேச்சு இருக்கிறது. 1924இலேயே சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் போன்றவர்கள் வாதாடி, பொதுச் சாலையும் பொதுக் கிணறும் எல்லோருக்கும் பொது என்று தீர்மானம் வந்துவிட்டது. நம் தாத்தாக்கள் காலம் அது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை 2015இல் திருத்தியபோது, சுடுகாட்டையோ பாதையையோ பயன்படுத்த விடாமல் தடுப்பதும், சமூக விலக்கு வைப்பதும் குற்றம் என்று தெளிவாகவே சேர்த்துவிட்டார்கள். நம் நோட்டில் இருக்கிற அந்தப் பக்கம் ஒரு குற்றத்துக்கு நாமே எழுதி வைத்த சாட்சி. 2019 ஆகஸ்ட்டில் வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்தில், வழி விடாததால் ஒரு பிணத்தைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். அந்த வீடியோவை நாம் எல்லோரும் போனில் பார்த்தோம். அப்போது அது நம் வேலூர் மாவட்டம்தான், திருப்பத்தூர் தனியாகப் பிரிந்தது அந்த நவம்பரில். உயர் நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. "என்ன ஊருப்பா இது" என்று நம் திண்ணையில் உட்கார்ந்து பேசியவர்களில் இரண்டு பேர் இந்த நோட்டைக் கொண்டுவந்தவர்கள். நான் மறக்கவில்லை.

எனக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், ஒளிக்க ஒன்றுமில்லை. திருவிழா வரிப் பணத்தை என்னிடம் வாங்கவில்லை. உழவுக்கு டிராக்டர் வரவில்லை. நிலம் இந்தப் பட்டம் சும்மா கிடக்கிறது. தை மாதம் பேத்திக்குக் காது குத்தினோம். நூற்றிருபது பேருக்குச் சமைத்தோம். பத்தரை மணி வரை வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றேன். வந்தவர்கள் ஒன்பது பேர், எல்லோரும் வெளியூர். பேத்தி, "ஏன் பாட்டி யாரும் வரல, எல்லாருக்கும் ஜுரமா?" என்று கேட்டாள். என் மகன் எதுவும் பேசாமல் இலைகளை எடுத்து அடுக்கினான். பெங்களூரில் வேலை செய்கிறவன். அவன் என்னோடு சண்டை போடுவான் என்று பயந்தேன், போடவில்லை. அண்டா நிறைய இருந்த சாதத்தை ஏரிக்கரைத் தெருவுக்கு அனுப்பலாம் என்றார் சமையல்காரர். வேண்டாம் என்றேன். காலம் காலமாக நம் வீட்டு மிச்சம் அங்கே போயிருக்கிறது, அது போதும். முதல் நாளே தாம்பூலத் தட்டோடு போய் அவர்களைக் கூப்பிட்டிருக்க வேண்டும். எனக்கு அது தோன்றவில்லை. அது என் தப்பு, உங்களுடையது இல்லை. அடுத்த விசேஷத்துக்கு அப்படிச் செய்யமாட்டேன்.

இதற்கு மேல் என்ன செய்வீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். நான் தோற்பேன் என்பதும் தெரியும். நாளைக்கே அந்தத் தெருவில் ஒரு சாவு என்றால், நூற்றைம்பது வீட்டு ஆட்கள் மறித்து நிற்கிற இடத்தில் அறுபத்து நாலு வயதுக் கிழவி ஒருத்தி என்ன செய்துவிட முடியும்? பிணம் திரும்பித் தண்ணீரில்தான் இறங்கும். இந்த மடலைப் படித்து உங்களில் ஒருவர்கூட மனம் மாறாமல் இருக்கலாம். கரையைக் கட்டிக் கொடுங்கள் என்று நான் மூன்று மனு போட்டிருக்கிறேன், பதில் வரவில்லை. கரை கட்டினாலும் நான் அந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போடமாட்டேன், அதையும் தெளிவாகச் சொல்கிறேன். சாலை எல்லோருக்கும்தான்.

நான் கேட்பது இரண்டு. ஒன்று, அந்தப் பக்கத்தைத் திருவிழா நோட்டில் இருந்து எடுத்துவிடுங்கள். கிழிக்க மனம் வராவிட்டால், அம்மன் கணக்கை வேறு நோட்டுக்கு மாற்றுங்கள், இரண்டும் ஒரே அட்டைக்குள் இருக்க வேண்டாம். இரண்டு, என் பெயருக்கு நேரே இருக்கிற காலி இடத்தில் வேறு யாரும் எனக்காகக் கையெழுத்துப் போட்டு நிரப்ப வேண்டாம். அது காலியாகவே இருக்கட்டும்.

என் பங்குக்கு நான் செய்யப்போவதைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் சொல்லவில்லை என்று யாரும் சொல்லக் கூடாது. ஏரிக்கரைத் தெருவில் இனி எப்போது சாவு விழுந்தாலும் என் வீட்டு வாசல் கேட் திறந்திருக்கும். தெரு திரும்புகிற இடம் அதுதான், நீங்கள் மறிக்கிற இடமும் அதுதான். நான் ஒரு குடம் தண்ணீரும் சொம்புமாக வாசலில் நிற்பேன். தோளில் பாரத்தோடு நிற்கிறவர்களுக்குத் தாகமாக இருக்கும். பாடையை இறக்கி வைக்க வேண்டும் என்றால் என் திண்ணை இருக்கிறது.

கடைசியாக ஒன்று. என் சாவுக்கு அந்தத் தெருவில் இருந்து மேளத்துக்கோ குழி வெட்டவோ ஆள் கூப்பிடக் கூடாது, அவர்கள் சாவு நடுத்தெருவில் போகிற காலம் அதற்குள் வந்திருந்தால் தவிர. வரவில்லை என்றால் என்னையும் நடுத்தெரு வழியாகக் கொண்டுபோக வேண்டாம். கால்வாய் வழியாகத்தான் கொண்டுபோக வேண்டும். மகனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன், அவனும் சரி என்று கையெழுத்துப் போட்டிருக்கிறான். தூக்க வருகிற சொந்தக்காரர்களுக்கு மட்டும் இந்தத் தகவல்: கோடியில் இருந்து இருபதடி தள்ளி இறங்குங்கள், அங்கே மண் கெட்டியாக இருக்கிறது. நடுவில் ஒரு பாறை, பாசி பிடித்தது, இடது பக்கமாகச் சுற்றி வர வேண்டும். ஐப்பசி கார்த்திகையாக இருந்தால் இடுப்புக்கு மேல் தண்ணீர் இருக்கும். மாலையை மேலே சும்மா போடாதீர்கள், கயிற்றோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
நடுத்தெரு முனை வீட்டு டீச்சர்